தனித் தட்டு

முப்பத்தோரு வருஷமாக ஊராரின் மலத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள் நான். இதைச் சொன்னால் முகம் சுளிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் செத்துப்போன என் வீட்டுக்காரர் அமலநாதன். இன்னொருத்தி எங்கள் மாடியில் குடியிருக்கும் துர்காவின் மகள் கார்குழலி, வயது ஏழு. "மேரிம்மா, இன்னிக்கு இன்னா புழு பாத்தீங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் அவள் சாப்பிட உட்காருவாள்.

என் பெயர் புஷ்பமேரி. அரசாங்க சுகாதார நிலையம் ஒன்றில் லேப் டெக்னீஷியன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் மேஜையில் டப்பாக்கள் வரிசை கட்டிவிடும். பேர் ஒட்டியது, ஒட்டாதது, மூடி சரியாக மூடாதது, தீப்பெட்டியில் மடித்து வந்தது என்று பல தினுசு. குச்சி முனையில் துளி எடுத்து, ஸ்லைடில் உப்புத்தண்ணீரில் கரைத்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்க வேண்டும். கொக்கிப்புழு முட்டை, உருண்டைப்புழு முட்டை, சாட்டைப்புழு முட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு. முன்பெல்லாம் தினமும் கண்ணில் படும். இப்போது பத்து டப்பாவில் ஒன்பதில் ஒன்றும் இருப்பதில்லை. 'இல்லை, இல்லை' என்று எழுதி எழுதியே கை ஓய்ந்துவிட்டது.

கையோடு உடம்பும் ஓய்ந்துதான் கிடந்தது. ஒரு வருஷமாகத் தலைவலி வேறு. மைக்ராஸ்கோப்பு பார்த்துப் பார்த்து வருகிறது என்று நானே முடிவு கட்டி, தைலத்தைத் தடவிக்கொண்டு ஓட்டினேன். களைப்புக்குச் சர்க்கரையைச் சொன்னேன், வயிற்று உப்புசத்துக்கு வயதைச் சொன்னேன். மற்றவர்கள் வந்து இதே பாட்டைப் பாடினால் கையில் ஒரு டப்பாவைக் கொடுத்து அனுப்புவேன். எனக்கு வந்தால் ஒரு காரணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

துர்கா குடும்பத்துக்குச் சொந்த ஊர் வடலூர் பக்கம் ஒரு கிராமம். விவசாயக் குடும்பம், மூன்று தலைமுறையாக வள்ளலார் வழி. வீட்டில் முட்டைகூட நுழையாது. வீடு கேட்டு வந்த அன்றே வாசலில் நின்று, "நீங்க கறி சமைப்பீங்களா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை கறி இல்லாம எங்களுக்குப் பொழுது போவாதும்மா" என்றேன்.

"உங்க வீடு, உங்க இஷ்டம். புள்ள தட்டுல படாம இருந்தா போதும்."

அவள் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். புருஷன் அருள்முருகன் லாரி ஓட்டுகிறான், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். அதனால் மூன்று வயதிலிருந்தே பள்ளிக்கூடம் விட்டதும், துர்கா திரும்பும் வரை பிள்ளை என்னிடம்தான். என் மகன் மரிய அருண் பிரான்ஸில் இருக்கிறான், ஞாயிறு தோறும் போனில் பத்து நிமிஷம் பேசுவான். மீதி ஆறு நாளும் எனக்கு இந்தப் பிள்ளைதான். இவளும் இல்லாவிட்டால் இந்த வீட்டில் நான் யாரோடு பேசுவது?

அவளுக்கென்று ஒரு சில்வர் தட்டு வாங்கி, கடையிலேயே 'கா' என்று புள்ளி வைத்து வெட்டிக் கொடுக்கச் சொன்னேன். தட்டு தனி, கரண்டி தனி, தேய்க்கிற நார் தனி. அவளுக்குப் பால் காய்ச்சுகிற அடுப்பில் என் குழம்புச்சட்டி ஏறாது. வேலைக்கு வரும் தனக்கொடியைக்கூட அந்தத் தட்டைத் தொட விடமாட்டேன், நானே கழுவித் துடைத்து அலமாரியில் வைப்பேன். பள்ளிக்கூடம் விட்டு மூன்றரை மணிக்கு வருவாள். நானும் வேலை முடிந்து வந்து, கொஞ்சம் கண்ணயர்ந்து, கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்திருப்பேன். தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து உருண்டை உருட்டி உள்ளங்கையில் வைத்தால் ஒவ்வொன்றாக வாங்கித் தின்பாள். ஸ்பூனில் கொடுத்தால் இறங்காது, என் கையால் கொடுத்தால்தான் இறங்கும். அதில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு நின்றபோது அவளுக்கு வலிப்பு வந்தது. கையும் காலும் வெட்டி இழுக்க, நுரை தள்ளி விழுந்தாளாம். ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தலையை ஸ்கேன் எடுத்து, வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த துர்கா மாடிக்கு ஏறவில்லை. படிக்கட்டின் கீழேயே நின்றாள்.

"தலைக்குள்ள புழுக்கட்டி இருக்குதாம் மேரிம்மா. பன்னிப்புழுவாம்."

"கட்டி எத்தினி?" என்றேன்.

"ஒண்ணு. மாத்திரைலயே கரைஞ்சிடும்ன்றாங்க. அத்த உடுங்க. நாங்க முட்டைகூட தொட மாட்டோம். எம்புள்ள சாப்புடறது ரெண்டே எடம். எங்க வீடு, உங்க வீடு. நீங்களே சொல்லுங்க, பன்னிப்புழு எங்கருந்து வந்துச்சு?"

"நீ இன்னா கேக்க வர?"

"ஆசைக்கு ஒரு வாய் குடுத்தீங்களா?"

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தவக்காலம் தொடங்கின சாம்பல் புதனிலிருந்து இந்த வீட்டு அடுப்பில் கறி ஏறவில்லை என்றேன். நாலு வருஷமாகத் தனித் தட்டு வைத்துக் காப்பாற்றியவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா என்று கத்தினேன். அவளும் கத்தினாள். தோளில் தூங்கிய பிள்ளை சிணுங்கவும் இரண்டு பேரும் குரலைத் தணித்தோம். அப்போதுதான் நான் என் படிப்பை அவிழ்த்துவிட்டேன்.

"கேட்டுக்க துர்கா. கறி துன்றதால நேரா தலைல கட்டி வராது. வேகாத பன்னிக்கறில இருக்கற கட்டிய எவன் துன்றானோ, அவன் குடல்ல நாடாப்புழு வளரும். கெஜக்கணக்குல வளரும். அவனுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா சுத்திட்டிருப்பான். அவன் வெளிக்கிப் போறதுல முட்டை வரும். சோப்பு போடாத கையோட அவன் எதனா தொட்டுக் குடுத்தான்னு வெய்யி, அத்த துன்றவங்க வயித்துல அந்த முட்டை பொரிஞ்சி, ரத்தத்துல ஏறி, தலைல போய்க் குந்திக்கும். கறியே தொடாதவங்களுக்கும் வரும். இது கறில இல்ல, கைல. எவனோ ஒருத்தன் கைல."

துர்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப யாரு கை?"

"கண்டுபுடிக்கறேன். அதான் என் வேல."

அவள் நம்பினாளோ இல்லையோ, உள்ளே வந்து அலமாரியில் இருந்த தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்று சாயங்காலம் மூன்றரைக்கு எழுந்து உட்கார்ந்தேன். பிசைவதற்கு ஒன்றும் இல்லை. தலைவலிதான் இருந்தது.

வீட்டில் இருப்பவர்களையும் சமைத்துக் கொடுப்பவர்களையும் பரிசோதிக்கும்படி ஆஸ்பத்திரிச் சீட்டிலும் எழுதியிருந்தது. துர்காவுக்கு மூன்று டப்பா, அருள்முருகனுக்கு மூன்று டப்பா கொடுத்தேன். நாடாப்புழு தினமும் முட்டை போடாது, ஒரு நாள் பார்த்துவிட்டு இல்லை என்று சொல்லக் கூடாது, மூன்று நாள் பார்க்க வேண்டும். இந்த விதியைப் புதிதாக வருகிற ஒவ்வொரு பெண்ணுக்கும் மண்டையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஆறு டப்பாவையும் பார்த்தேன். ஆறிலும் ஒன்றும் இல்லை.

அடுத்து யார்? தனக்கொடிதான் என்று என் மனசு சொன்னது. ஏன் சொன்னது என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து நாலு வீடு பெருக்குகிறவள், எந்தக் கக்கூஸோ, எந்தத் தண்ணியோ என்று நினைத்தேன். டப்பாவை நீட்டினேன். விஷயம் கேட்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அந்தப் புள்ள தட்ட நான் தொட்டதே இல்லியே. நீங்கதான் தொட உட மாட்டீங்களே."

"சும்மா ஒரு டெஸ்ட்டுதான், குடேன்."

"குடுக்கறேன், எனக்கின்னா. நீங்க குடுத்தீங்களாம்மா?"

"எதுக்கு?"

"நீங்கதான அதுக்கு உருண்ட உருட்டுவீங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, துடைப்பத்தை எடுத்து மீதி வீட்டைப் பெருக்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தவள், அவள் வேலை முடித்துப் போகும் வரை எழுந்திருக்கவில்லை.

அவளுடைய மூன்று டப்பாவிலும் ஒன்றும் இல்லை.

என் டப்பாவில் பேர் எழுதவில்லை. யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு சுழி மட்டும் போட்டேன். மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, லேப் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. அப்பாடா என்று சத்தமாகவே சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம், என்னை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அடுத்தவர்களுக்கு மூன்று நாள், எனக்கு ஒரு நாளா? இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றேன்.

வட்டமாக, பழுப்பாக, தடித்த ஓட்டோடு இருந்தது. ஓடு முழுக்கச் சக்கரத்தின் ஆரக்கால் போலக் கோடுகள். உள்ளே ஆறு சின்னக் கொக்கி. நாடாப்புழு முட்டை.

இந்த முட்டையை நான் கடைசியாகப் பார்த்துப் பதினைந்து வருஷம் இருக்கும். அன்றைக்கு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இப்போது காட்ட ஆளும் இல்லை, வாயும் வரவில்லை.

எப்படி வந்தது என்று யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. என் புருஷன் வீட்டார் பிரெஞ்சுக்காரன் காலத்து ஆபீஸ் குடும்பம். கிறிஸ்துமஸ் என்றால் வீட்டிலேயே சொசிஸ் போட வேண்டும். பன்றிக்கறியைக் கொத்தி, மிளகும் பூண்டும் வினிகரும் சேர்த்துப் பிசைந்து, குடலில் அடைத்துக் கட்டி, அதற்குப் பிறகுதான் வேகவைப்பது. அடைப்பதற்கு முன்னால் உப்புப் பார்க்க வேண்டும் அல்லவா? வறுத்துப் பார்த்தால் உப்பு தூக்கலாகத் தெரியும், பச்சையில் பார்த்தால்தான் கணக்குச் சரியாக இருக்கும் என்பது அந்த வீட்டு வழக்கம். நானும் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒரு சிட்டிகை பச்சைக் கறியை நாக்கு நுனியில் வைத்து, உப்பைப் பார்த்து, விழுங்கிவிடுவேன். துப்பினால் அது பண்டிகைப் பலகாரத்துக்கு மரியாதை இல்லையாம்.

ஊர் ஊராகப் போய், பன்றிக்கறியை நன்றாக வேகவைத்துத் தின்னுங்கள் என்று பெண்களுக்குக் கூட்டம் போட்டவள் நான். வேகவைத்துத்தான் தின்றேன். அதில் ஒரு குறையும் இல்லை. உப்புப் பார்த்ததை நான் தின்றதாகவே நினைக்கவில்லை. லேபில் ஒரு ஸ்லைடுக்கு ஒரு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவுவேன். வீட்டுக்கு வந்தால் அலுப்பு. கொல்லையில் குழாயைத் திருகி இரண்டு கை தண்ணீர், அவ்வளவுதான். சோப்பு உள்ளே வாஷ்பேசினில் இருந்தது.

ஒரே ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. மாட்டுக்கறியிலும் ஒரு நாடாப்புழு உண்டு. இரண்டின் முட்டையும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் மாட்டுப்புழுவின் முட்டை மனுஷன் தலைக்குப் போகாது. அதுவாக இருந்துவிட்டால் நான் குற்றவாளி இல்லை. வித்தியாசம் தெரிய வேண்டுமானால் புழுவின் துண்டு வேண்டும்.

டாக்டரிடம் போக வெட்கம். மருந்து கொடுக்கிற செம்மலிடம் யாருக்கோ என்று சொல்லி மாத்திரை வாங்கினேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், கேட்கவில்லை. சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு வீட்டில் மாத்திரை போட்டேன். வந்தது. வெள்ளை ரிப்பன் துண்டு துண்டாக, பத்தடிக்கு மேல் இருக்கும். என் சோற்றைத் தின்று என்னோடு இத்தனை நாள் குடியிருந்திருக்கிறது, வாடகை இல்லாமல்.

மதியம் லேபுக்குப் போய்ச் சாவி வாங்கித் திறந்தேன். ஒரு துண்டை இரண்டு ஸ்லைடுக்கு நடுவில் வைத்து அழுத்தி வெளிச்சத்தில் பிடித்தேன். நடுவில் ஒரு தண்டு, அதிலிருந்து பக்கவாட்டில் கிளைகள். அந்தக் கிளைகளை எண்ண வேண்டும். பதினைந்துக்கு மேல் இருந்தால் மாட்டுப்புழு. 'ஆண்டவரே, பதினைந்து' என்று வாய்விட்டுச் சொன்னேன். எண்ணினேன், ஒன்பது. மறுபக்கம் திருப்பி எண்ணினேன், ஒன்பது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு துண்டை எடுத்து எண்ணினேன். அதிலும் ஒன்பது.

மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்கு ஆசை ஆசையாகச் சோறு போட்டதற்கு இதுவா பலன் என்று அழுதேன். பிறகு முகம் கழுவி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பஸ் ஏறினேன்.

மறுநாள் குருத்தோலை ஞாயிறு. பூசை முடிந்து ஓலையோடு வந்து கதவைத் திறக்கிறேன், துர்கா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பின்னால் கார்குழலி. வலிப்பு மாத்திரை போட்ட மயக்கம் கண்ணில் தெரிந்தது. அவள் கையில் அந்தத் தட்டு.

"தப்பா பேசிட்டேன் மேரிம்மா" என்றாள் துர்கா. "ஆஸ்பத்திரில டாக்டரும் நீங்க சொன்னதேதான் சொன்னாரு. கறி துன்னு வரலயாம். ஊர்ல எங்க மாமியார் குதிச்சாங்க. மேரிம்மா அந்த மாதிரி ஆளு இல்லன்னு நானே சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க. நாளைலருந்து புள்ள பழையபடி உங்ககிட்டயே சாப்புடட்டும். நான் ஊட்டுனா எறங்க மாட்டேங்குது."

பிள்ளை தட்டை நீட்டியது. எவனோ தள்ளுவண்டிக்காரன், எவளோ ஆயாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முட்டையைப் பார்த்தது நான் ஒருத்திதான். புழுவும் போய்விட்டது. இனி என் கையால் ஒரு கெடுதலும் இல்லை. பிள்ளையும் எனக்கு மிஞ்சும். அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாமென்று வாயைத் திறந்தேன்.

"மேரிம்மா, அந்தப் புழுவ கண்டுபுடிச்சிட்டீங்களா?" என்று கேட்டாள் கார்குழலி.

"கண்டுபுடிச்சிட்டேன்" என்றேன். வேறு எதுவும் வரவில்லை. "நீ மேல போ கண்ணு. அம்மாகிட்ட பேசணும்."

அவள் தட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிப் போனாள். நான் படியில் உட்கார்ந்து சொன்னேன். டப்பாவில் போட்ட சுழியிலிருந்து ஒன்பது கிளை வரை ஒன்றையும் மறைக்கவில்லை. பச்சைக் கறியில் உப்புப் பார்த்ததையும் சொன்னேன், கொல்லைக் குழாயையும் சொன்னேன். எங்கே அழுதுவிடுவேனோ என்று அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தட்டில் இருந்த 'கா'வையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

துர்கா பக்கத்தில் உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தட்டு தனியா வெச்சீங்க" என்றாள்.

"வெச்சேன்."

"கரண்டி தனியா."

"ஆமா."

"அடுப்புகூட."

நான் தலையாட்டினேன். அவள் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். அடிக்கவாவது செய்திருக்கலாம். நாலு படி ஏறி நின்றாள்.

"மேரிம்மா."

"சொல்லு."

"அதே கையாலதான நீங்களும் சாப்டீங்க?"

எனக்கு உடனே விளங்கவில்லை. "இன்னா?"

"ஒரு வருசமா தலைவலின்னு தைலம் தடவறீங்களே. உங்களுக்கு யாருனா ஸ்கேன் எடுத்தாங்களா?"

புழு வைத்திருப்பவனுக்கே தன் கையால் முட்டை போய்த் தலையில் கட்டி வரலாம் என்று எத்தனை கூட்டத்தில் சொல்லியிருப்பேன். முட்டையைப் பார்த்த அன்றிலிருந்து பிள்ளையின் தலையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஒரு தலை இருக்கிறது என்பது நினைவில் வரவே இல்லை.

துர்காவின் முகம் கல்லாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அதை அவள் துடைக்கவில்லை.

"செவ்வாக்கெழம புள்ளைய மறுபடி கூட்டியாரச் சொல்லியிருக்காங்க. எட்டரை பஸ்ஸு. நீங்களும் வாங்க, அதே டாக்டருகிட்ட காட்டலாம்" என்றாள். "புள்ளைக்கு இனிமே நானே ஊட்டிக்கறேன்."

தட்டோடு ஏறிப் போனாள். மேலே கதவு படாரென்று சாத்தும் சத்தம் கேட்டது. மடியில் கிடந்த குருத்தோலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, இரண்டு விரலால் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வலது பக்கம்தான் வலித்தது.